மரக்கட்டைப் பீரங்கியும் 15,000 அடி உயரமும்

அன்புள்ள ஐயா,

கொசோவோ போரில் செர்பியர்கள் மரக்கட்டையில் பொய்ப் பீரங்கி செய்து, அமெரிக்காவும் கூட்டாளி நாடுகளும் சேர்ந்த நேட்டோ ராணுவக் கூட்டணியின் விமானங்களை ஏமாற்றினார்கள் என்று படித்தேன். லேசர், கேமரா என்று எல்லாம் வைத்திருந்தவர்கள் இதற்கா ஏமாந்தார்கள்? யாருக்கும் சேதமில்லாத தந்திரம் என்பதால் எனக்கு மிகவும் பிடித்தது. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

எஸ்.கே., திருநெல்வேலி

அன்புள்ள எஸ்.கே.,

நீங்கள் படித்தது உண்மைதான். பழைய லாரிச் சக்கரங்கள், அவற்றின் மேல் நீளமாக ஒரு கறுத்த மரக்கட்டை. பீரங்கி தயார். ஓர் ஆற்றில் நிஜப் பாலத்தைக் காப்பாற்ற, கொஞ்சம் தள்ளி பாலிதீன் ஷீட்டை இழுத்துக் கட்டி இன்னொரு பாலம் காட்டினார்கள். அந்தப் பொய்ப் பாலத்தை நேட்டோ விமானிகள் பல தடவை குண்டு போட்டு ‘அழித்தார்கள்’.

ஏமாந்ததற்கு முக்கியக் காரணம் உயரம். 1999 மார்ச் 24 முதல் 78 நாள் நடந்த தாக்குதலில் விமானங்கள் பெரும்பாலும் 15,000 அடிக்குக் கீழே இறங்கவில்லை. தோளில் வைத்துச் சுடும் ஏவுகணைகளுக்குப் பயந்து எடுத்த முடிவு அது. பலனும் இருந்தது: எதிரி சுட்டு நேட்டோ விமானி ஒருவர்கூட இறக்கவில்லை. ஆனால் நாலரை கிலோமீட்டர் மேலே பறந்துகொண்டே பார்க்கிறவருக்கு, வயலோரம் நீளமாக, கறுப்பாக, சக்கரத்தோடு ஒன்று நின்றால் பீரங்கி என்றுதானே தோன்றும்?

போர் முடிந்த கையோடு, பீரங்கியும் மோர்ட்டாருமாக (சிறு பீரங்கி) 450 வரை அழித்ததாக நேட்டோ தரப்பில் சொன்னார்கள். செப்டம்பரில் அது 389 ஆனது. அமெரிக்க விமானப்படைக் குழு நேரில் போய்த் தேடியதில் கிடைத்தது வெறும் 20 என்று 2000-ல் அமெரிக்க வார இதழ் நியூஸ்வீக் எழுதியது. உடைந்தவற்றைச் செர்பியர்கள் இழுத்துக்கொண்டு போய்விட்டார்கள் என்பது நேட்டோ தரப்பு வாதம். அதிலும் நியாயம் உண்டு. ஆனால் 389 எங்கே, 20 எங்கே!

சரி, ‘யாருக்கும் சேதமில்லாத’ என்று எழுதியிருக்கிறீர்களே, அதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. இப்படித் தப்பிய செர்பியப் படைதான் அதே வாரங்களில், கொசோவோவில் பெரும்பான்மையாக வாழ்ந்த அல்பேனியர்களை ஊர் ஊராக விரட்டிக்கொண்டிருந்தது. 8 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் எல்லை தாண்டி ஓடினார்கள். அப்புறம், மரக்கட்டையைப் பீரங்கியாகக் காட்டிய உயரம் டிராக்டரையும் ராணுவ வண்டியாகக் காட்டியது. ஏப்ரல் 14 அன்று கொசோவோவின் ஜாக்கோவா நகருக்குப் பக்கத்தில், டிராக்டர்களிலும் வண்டிகளிலும் குடும்பத்தோடு போய்க்கொண்டிருந்த அகதிகள் மேல் நேட்டோ குண்டு விழுந்தது. 70 பேருக்கு மேல் செத்துப்போனார்கள். ராணுவ வண்டி என்று நினைத்தே விமானி குண்டு போட்டார் என்று நேட்டோ விளக்கம் சொன்னது.

இந்தப் போரைப் பற்றி மேலும் படிக்கப்போகிறீர்கள் என்றால், தயவுசெய்து அந்த ஏப்ரல் 14-லிருந்து தொடங்குங்கள்.