எவ்வளவு உழைத்தாலும் 'இது போதாது' என்றே தோன்றுகிறதே, இதிலிருந்து எப்படி வெளியே வருவது?

இரவு பத்து மணிக்கும் மடிக்கணினியை மூட மனம் வரவில்லை, ஞாயிற்றுக்கிழமை சும்மா இருந்தால் குற்ற உணர்ச்சி வருகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். நான் மலேசியாவின் பினாங்கில், பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் தரக் கட்டுப்பாட்டு வேலை பார்ப்பவள். பல வருடம் இதே நிலையில் இருந்திருக்கிறேன். நேரத்தைத் திட்டமிடுங்கள், யோகா செய்யுங்கள் என்று பலரும் சொல்வார்கள். செய்யலாம். ஆனால் அடியில் இருக்கும் நம்பிக்கையைத் தொடாவிட்டால், யோகாவையும் சரியாகச் செய்யவில்லை என்றுதான் மனம் நச்சரிக்கும்.

அந்த நம்பிக்கையை முழு வாக்கியமாக ஒரு தாளில் எழுதுங்கள். என்னுடையது இது: "ஒரு நாள் தளர்ந்தாலும் என்னை வேண்டாம் என்று விடுவார்கள்." எழுதிய பிறகு, இது உண்மையா என்று கேட்பதோடு நிற்காமல், யாருக்கு, எந்தக் காலத்தில் உண்மையாக இருந்தது என்றும் கேளுங்கள்.

என் பாட்டிக்கு அது உண்மையாக இருந்தது. நிபோங் திபால் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டினார், அதாவது மரப்பட்டையைக் கீறிப் பால் எடுத்தார். விடியுமுன் பெரட்டில் (ஆள் கணக்கெடுப்பில்) போய் நிற்க வேண்டும், பேர் பதியாவிட்டால் அன்றைய கூலி போச்சு. மழை பெய்தால் மரம் வெட்ட முடியாது. குடியிருந்த லயத்து வீடுகூட (தோட்டம் கொடுத்த வரிசை வீடு) வேலை இருக்கும்வரைதான். அந்தப் பயத்தை அம்மா எங்களுக்குப் படிப்பாக மாற்றிக் கொடுத்தார். பள்ளியிறுதித் தேர்வான எஸ்.பி.எம்.மில் எட்டு ஏ வாங்கினால், மிச்சப் பாடத்தில் என்ன ஆச்சு என்பார். நம் பிள்ளைகள் ரெண்டு மடங்கு படித்தால்தான் ஒரு இடம் கிடைக்கும் என்று எத்தனை வீடுகளில் கேட்டிருக்கிறோம்! அதில் அன்பும் இருந்தது, அனுபவமும் இருந்தது. பல்கலைக்கழக இடத்துக்கான அந்தக் கணக்கை நாம் நம் மொத்த மதிப்புக்கும் போட்டுப் பார்ப்பதுதான் கொடுமை.

இதில் இன்னொன்றையும் கவனியுங்கள். பாலைத் தராசில் எடை போட்டு, கிராணி (தோட்டத்து எழுத்தர்) எழுதிக்கொண்டதும் பாட்டியின் தோட்ட வேலை அன்றைக்கு முடிந்தது. (வீட்டு வேலை தனி, அது எந்தக் கணக்கிலும் ஏறவில்லை.) நமக்கு அவருடைய பயம் வந்து சேர்ந்தது, அவரிடம் இருந்த தராசு வரவில்லை. மின்னஞ்சலுக்கும் அறிக்கைக்கும் எங்கே முடிவு? அதனால் எது போதும் என்பதை வேலை தொடங்குமுன்பே எழுதி வைக்கிறேன்: இந்த அறிக்கையில் இன்னின்ன பகுதி, ஒரு முறை சரிபார்ப்பு, அவ்வளவுதான். முடித்த பிறகு தீர்மானிக்க உட்கார்ந்தால் பயம்தான் தீர்மானிக்கும்.

1978இல் பாலின் கிளான்ஸ், சூசன் இம்ஸ் என்ற இரு உளவியலாளர்கள், சாதித்த பிறகும் தங்களைத் தகுதியற்றவர்களாக நினைத்த பெண்களைப் பற்றி எழுதினார்கள். அளவுக்கு மீறி உழைத்து வெற்றி பெற்றால், அந்த உழைப்பால்தான் தப்பித்தேன் என்று மனம் முடிவு கட்டிவிடும். சாதாரணமாக உழைத்தால் என்ன ஆகும் என்பது சோதிக்கப்படாமலே போகும். அதனால் சிறிய விஷயத்தில் சோதித்துப் பாருங்கள். இரவு ஒன்பதுக்கு மேல் வரும் அவசரமில்லாத வாட்ஸ்அப்புக்குக் காலையில் பதில் அனுப்புங்கள். என்ன நடக்கும் என்று பயந்தீர்கள், என்ன நடந்தது என்று இரண்டையும் எழுதி வையுங்கள். என் விஷயத்தில் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அப்படியும் முதலில் நெஞ்சு படபடக்கத்தான் செய்தது. அது அடங்க நாளாகும்.

ஆனால் எல்லாமே உங்கள் மனதில்தான் இருக்கிறது என்று யாராவது சொன்னால் ஏற்காதீர்கள். 2023 ஜனவரி 1 முதல் தீபகற்ப மலேசியாவில் வார வேலை நேரத்தின் உச்சவரம்பு 48 மணியிலிருந்து 45 மணியாகக் குறைந்தது. ஆனால் மாதம் 4,000 வெள்ளிக்கு (ரிங்கிட்டுக்கு) மேல் சம்பளம் வாங்கும் அலுவலக ஊழியருக்கு ஓ.டி. (கூடுதல் நேர வேலை) பணம் கொடுத்தே ஆக வேண்டும் என்று சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. வாரம் 55 மணியோ அதற்கு மேலோ உழைப்பவர்களுக்கு, 35 முதல் 40 மணி உழைப்பவர்களைவிடப் பக்கவாத ஆபத்து சுமார் 35 சதவீதம் அதிகம் என்று உலக சுகாதார நிறுவனமும் அனைத்துலகத் தொழிலாளர் அமைப்பும் 2021இல் சொன்னார்கள். எனவே நீங்கள் உண்மையில் எத்தனை மணி வேலை செய்கிறீர்கள் என்று ஒரு மாதம் குறித்து வையுங்கள். ஆள் பற்றாக்குறையை உங்கள் தூக்கத்தால் நிரப்புகிறார்கள் என்று அதில் தெரிந்தால், அந்தக் கணக்கோடு மேனேஜரிடம் பேசுங்கள். அங்கே மாறாது என்று பட்டால் வேறு வேலை தேடுங்கள். தூக்கமே வராமல், எதிலும் பிடிப்பில்லாமல் நாள்கள் ஓடினால் அதற்கெல்லாம் காத்திருக்க வேண்டாம். மலேசிய சுகாதார அமைச்சின் மனநல உதவி எண்ணான 15555க்கு அழையுங்கள், அல்லது பக்கத்து கிளினிக் டாக்டரிடம் இதே விஷயத்தைச் சொல்லுங்கள்.