வாட்ஸ்அப்பில் நக்கலாக எழுதினால் நிஜம் என்கிறார்கள், நிஜமாக எழுதினால் நக்கல் என்கிறார்கள். எப்படித்தான் எழுதுவது?

கேள்வியில் இரண்டு புகார் இருக்கிறது. முதலில் நக்கலை எடுத்துக்கொள்கிறேன், எங்கள் ஊருக்கு அதுதான் கைவந்த கலை. நான் மலேசியாவின் சுங்கை சிப்புட்காரன். ரப்பர் தோட்டத்திலிருந்து டவுனுக்கு வந்த குடும்பங்களில் நக்கல் இல்லாமல் ஒரு விசாரிப்புகூட நடக்காது. வீட்டுக்குள் நுழைந்ததுமே "வாங்க தொர, இப்பதான் வழி தெரிஞ்சுதா?" என்றுதான் ஆரம்பிப்பார்கள். கேட்பவர் சிரித்துக்கொண்டே செருப்பைக் கழற்றுவார். அதே வரியைத் தட்டி அனுப்பிப் பாருங்கள், அவர் அடுத்த தீபாவளிக்கும் வரமாட்டார்.

"நல்லா இருங்க" என்பதையே எடுத்துக்கொள்ளுங்கள். பெரியம்மா அதைச் சொன்னால் ஆசீர்வாதமா சாபமா என்பது, எந்த எழுத்தை எவ்வளவு இழுத்தார், சொல்லும்போது முகம் எந்தப் பக்கம் இருந்தது என்பதில் இருக்கிறது. குடும்பக் குழுவில் அந்த இரண்டு சொல் மட்டும்தான் போய்ச் சேரும். வீட்டுப் பத்திரத் தகராறில் இருக்கிற மருமகன் சாபமாகப் படிப்பான். மகள் கல்யாணத்தை நல்லபடியாக முடித்த தங்கச்சி கும்பிட்டு வாங்கிக்கொள்வார். எழுதியவரின் குரல் எழுதியவர் காதில் மட்டும்தான் ஓடுகிறது. படிப்பவர் காதில் ஓடுவது அவருடைய அன்றைய மனநிலை.

இதை அளந்தே பார்த்திருக்கிறார்கள். ஜஸ்டின் குரூகர், நிக்கோலஸ் எப்லி ஆகியோரும் உடன் ஆய்வாளர்களும் 2005இல் வெளியிட்ட ஆய்வு அது. சில வாக்கியங்களை நிஜமாகவும் சிலவற்றை நக்கலாகவும், மின்னஞ்சல் வழியாகவும் குரல் வழியாகவும் சொல்ல வைத்தார்கள். எந்த வழியில் போனாலும் சுமார் 78 விழுக்காடு சரியாகப் புரியும் என்று சொன்னவர்கள் நம்பினார்கள். குரலைக் கேட்டவர்கள் 73 விழுக்காடு சரியாகப் பிடித்தார்கள். மின்னஞ்சலைப் படித்தவர்கள் 56. நிஜமா நக்கலா என்று இரண்டே விடை உள்ள கேள்வியில் 56 என்பது பூவா தலையா போடுவதற்குக் கொஞ்சம் மேல், அவ்வளவுதான். எனக்கு அந்த 56ஐவிட 78தான் பயமாக இருக்கிறது. புரியவில்லை என்பதே அனுப்பியவருக்குத் தெரியாது என்று அர்த்தம்.

எங்கள் பக்கத்துக் கோயில் ஒன்றின் குழுவில் நடந்தது. திருவிழா முடிந்த மறுநாள் ஓர் அண்ணன் எழுதினார்: "மைக் செட் பிரமாதம். பக்கத்துத் தோட்டத்துக்கும் சேர்த்தே அர்ச்சனை நடந்தது." விடிய விடியத் தூக்கம் போன எரிச்சல் அது. நிர்வாகத்திலிருந்து கும்பிடும் கையோடு பதில் வந்தது: "நன்றிண்ணே, அடுத்த வருஷமும் இவங்களுக்கே சொல்லியாச்சு." சொன்னபடியே அவர்களையே கூப்பிட்டார்கள்.

நிர்வாகத்தை நான் குறை சொல்ல மாட்டேன். நம் திருவிழாக்களில் சத்தமான மைக் செட் உண்மையாகவே பெருமைதான். அண்ணன் எழுதியதை நேராகப் படித்தாலும் நம்பும்படி இருந்தது, அதனால் நேராகப் படித்தார்கள். எழுத்தில் நக்கல் நிற்க வேண்டுமானால் நேர்ப்பொருள் நிற்கக் கூடாது. படிப்பவர் "இது எப்படிச் சரியாகும்?" என்று ஒரு நொடி இடற வேண்டும். அந்த இடறலை உண்டாக்கும் விஷயமும் அதே செய்திக்குள் இருக்க வேண்டும்.

நம் பள்ளியில் வஞ்சப்புகழ்ச்சி அணிக்குச் சொல்லித் தந்த குறளை நினைத்துப் பாருங்கள்: "தேவர் அனையர் கயவர் அவரும்தாம் மேவன செய்தொழுக லான்." கயவர்கள் தேவர்களைப் போன்றவர்கள் என்பதோடு வள்ளுவர் நிறுத்தியிருந்தால், ஐயாவுக்கு என்ன ஆயிற்று என்று கேட்டிருப்போம். அவர்களும் நினைத்ததையெல்லாம் செய்து திரிகிறார்களே என்ற காரணத்தை உடனே வைத்துவிட்டார். புகழ்ச்சியும் அதைக் கவிழ்க்கும் காரணமும் ஒரே குறளில். குரலும் இல்லை, முகமும் இல்லை, சிரிப்புப் பொம்மையும் இல்லை, ஆனாலும் இன்றுவரை யாரும் தப்பாகப் படிக்கவில்லை. மைக் செட் அண்ணன் "சாமியே காதைப் பொத்திக்கொண்டார், அடுத்த வருஷம் கொஞ்சம் குறையுங்கப்பா" என்று முடித்திருந்தால் வேலை நடந்திருக்கும்.

பொம்மைகளை நம்பலாமா என்று கேட்பீர்கள். அவை பிறந்ததே இந்தத் தொல்லையால்தான். 1982இல் அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகக் கணினி அறிவிப்புப் பலகையில் விளையாட்டுக்கு எழுதியதைச் சிலர் நிஜமென்று எடுத்துக்கொண்டார்கள். அதற்காக ஸ்காட் ஃபால்மன் என்பவர், முக்காற்புள்ளி, சிறுகோடு, அடைப்புக்குறி மூன்றையும் சேர்த்துப் படுத்த மாதிரி ஒரு சிரித்த முகம் போடலாம் என்று செப்டம்பர் 19 அன்று எழுதினார். அன்றைக்கு அது ஒரே பொருள் கொண்ட அடையாளம். இன்றைக்கு அப்படியா? கட்டைவிரலை அங்கிள் போட்டால் "பார்த்துவிட்டேன்". அவர் பேரன் போட்டால் "பேச்சை முடிங்க". கனடாவில் ஒரு விவசாயி, ஆளிவிதை விற்பனை ஒப்பந்தத்தின் படத்துக்குக் கட்டைவிரல் போட்டார். கிடைத்தது என்று சொல்லத்தான் போட்டேன் என்று வாதாடினார். அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்ட நீதிமன்றம் 2023இல் 82,000 கனடிய டாலருக்கு மேல் கட்டச் சொன்னது. ஆகவே பொம்மையைத் துணைக்கு வைத்துக்கொள்ளுங்கள், முழுச் சுமையையும் அதன் தலையில் ஏற்றாதீர்கள்.

அதைவிட நம் மொழியிலேயே நல்ல கருவி இருக்கிறது, இழுப்பது. "நல்லாஆஆ செஞ்சீங்க" என்று எழுதினால் பாதி குரல் எழுத்திலேயே வந்துவிடும். பிள்ளைகளின் சேட்டை என்று நினைக்காதீர்கள். "ஓஒதல்" என்று அளபெடை போட்டு எழுதியவர்கள் நம் முன்னோர்கள். ஆனால் தமிழை ஆங்கில எழுத்தில் தட்டுகிறவர்களுக்கு இது சரியாக வராது. அங்கே குறில் நெடிலே தகராறு, எது இழுப்பு எது எழுத்துப் பிழை என்று யார் பிரித்துப் பார்ப்பது? அப்புறம் பேச்சின் கடைசியில் ஒட்டிக்கொள்ளும் நம் நாட்டு "லா" இருக்கிறது. வெறும் "சரி" முறைப்பது போல இருக்கும் இடத்தில் "சரி லா" தோளில் கை போடும்.

ஜாடை போடுவதைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், குழுக்களில் பாதிச் சண்டை அதில்தான் கிளம்புகிறது. தோட்டத்தில் வரிசையாக ஒட்டிக் கட்டிய லயத்து வீடுகளுக்கு நடுவில் பலகைச் சுவர்தான். பக்கத்து வீட்டுக்காரியிடம் சொல்ல வேண்டியதைக் கோழியிடம் சொல்வார்கள்: "அடுத்த வீட்டுல மேஞ்சுட்டு இங்க வந்து முட்டை போடறியா?" யாருக்குச் சொன்னது என்று அந்த வரிசைக்கே தெரியும். கோழிக்குக்கூடத் தெரியும். ரப்பர் போய்ச் செம்பனை (எண்ணெய்ப் பனை) வந்து, சனங்கள் தாமான் என்கிற டவுன் குடியிருப்பு வீடுகளுக்கு வந்த பிறகு அந்தக் கோழியின் இடத்தை ஸ்டேட்டஸ் பிடித்துக்கொண்டது. "சில பேருக்கு உதவி செஞ்சா இப்படித்தான்" என்று காலையில் ஒருவர் போடுவார். யாரை நினைத்துப் போட்டாரோ அவர் பார்க்கவே மாட்டார். போன மாதம் கடன் வாங்கிய கொழுந்தனார், பிள்ளையைப் பள்ளியில் விட்டுத் தரச் சொன்ன எதிர்வீட்டு அக்கா, இன்னும் நாலைந்து பேர் தனக்குத்தான் என்று முடிவு செய்து பேச்சை நிறுத்துவார்கள். சுவர் இருந்தபோது குறி தப்பாது. ஜாடையை மட்டும் தயவுசெய்து எழுத்தில் போடாதீர்கள்.

வேலையிடக் குழுவுக்கு என் பதில் சுருக்கமானது. சம்பளம், லீவு, பணம், தேதி, புகார், இவற்றில் நக்கலே வேண்டாம். மேனேஜர் படிக்கும் இடத்தில் "ஓவர்டைம் காசு சீக்கிரமே வந்துருச்சு" என்று எழுதினால், வந்துவிட்டது என்றுதான் கணக்கு எழுதுவார்கள். "இன்னும் வரவில்லை, எப்போது வரும்?" என்று கேளுங்கள். நக்கல் அடித்தே தீர வேண்டுமென்றால் உங்கள் குரல் தெரிந்த ஒருவருக்குத் தனியாக அனுப்புங்கள், அல்லது குரல் பதிவு போடுங்கள். குத்தலாக எழுதிவிட்டுக் கடைசியில் "சும்மா விளையாட்டுக்கு" என்று சேர்ப்பது மட்டும் எனக்குப் பிடிக்காது. அது குத்தலைக் குறைப்பதில்லை, கோபப்படும் உரிமையையும் எதிராளியிடமிருந்து பிடுங்கிக்கொள்கிறது.

இப்போது இரண்டாவது புகார். நிஜமாகப் பாராட்டினால் ஏன் நக்கல் என்கிறார்கள்? ஒரு காரணம் சின்னது, முற்றுப்புள்ளி. 2015இல் பிங்ஹாம்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், கைப்பேசிச் செய்தியில் ஒற்றைச் சொல் பதிலுக்குப் பின்னால் முற்றுப்புள்ளி இருந்தால் அது மனதார வந்ததாகத் தெரிவதில்லை என்று கண்டார்கள். கையால் எழுதிய சீட்டில் அந்த வித்தியாசம் வரவில்லை. தமிழாசிரியர்கள் கோபித்துக்கொள்ளலாம், ஆனால் "நன்றி" என்று மட்டும் அனுப்பும்போது புள்ளியை விட்டுவிடுங்கள்.

பெரிய காரணம், நாம் பொதுப்படையாகப் பாராட்டுவது. "பிரமாதம்", "அருமை", "உங்களை மாதிரி வருமா" எல்லாம் நக்கலுக்கே வாடகைக்குப் போன சொற்கள். அண்ணி விருந்துக்குப் பிறகு "சமையல் அருமை அண்ணி" என்றால், உப்பு கூடிப்போச்சோ என்று அவர் யோசிப்பார். "நண்டுக் குழம்பு நல்ல காரம் அண்ணி, சின்னவன் ரெண்டாவது தடவை சோறு போட்டுக்கிட்டான், மிச்சம் இருந்தா நாளைக்கும் அனுப்புங்க" என்று எழுதுங்கள். நக்கலடிக்கிறவன் இவ்வளவு விவரம் எழுதிக்கொண்டிருக்க மாட்டான், மிச்சத்தையும் கேட்க மாட்டான்.