கோளக் கொத்துகளுக்குள் இரண்டு வகை விண்மீன்கள்: கேள்வி பதில்

மாலதி: ஒரே கொத்தில் பிறந்த விண்மீன்களுக்குள் அப்படி என்ன வேதி வித்தியாசம் சார்?

கோளக் கொத்து என்பது லட்சக்கணக்கான விண்மீன்கள் உருண்டையாகத் திரண்ட கூட்டம். அதில் ஒரு பகுதி விண்மீன்கள், அதாவது முதல் வகை, கொத்துக்கு வெளியே இருக்கும் பழைய விண்மீன்களைப் போலவே இருக்கும். மற்றவற்றில், அதாவது இரண்டாம் வகையில், சோடியமும் நைட்ரஜனும் கூடியிருக்கும், ஆக்சிஜனும் கார்பனும் குறைந்திருக்கும். ஹீலியமும் ஏறியிருக்கும். ஆனால் இரும்பு மட்டும் பெரும்பாலான கொத்துகளில் ஏறத்தாழ ஒரே அளவுதான். துப்பு அங்கேதான் இருக்கிறது. வெடித்துச் சிதறும் விண்மீனான சூப்பர்நோவா கக்கியது கலந்திருந்தால் இரும்பும் ஏறியிருக்க வேண்டும். அப்படியானால் கலந்தது, பல கோடி டிகிரி வெப்பத்தில் ஹைட்ரஜன் அணுக்கரு இணைவில் எரிந்த சாம்பல்.

கண்ணன்: ஒமேகா சென்டாரி கொத்தில் இரும்பே பல அளவுகளில் இருக்கிறதே?

இருக்கிறது. அது நம் பால்வீதி விழுங்கிய குட்டி கேலக்ஸி ஒன்றின் மிச்ச மையம் என்று பலர் கருதுகிறார்கள். அதை வைத்து மற்றக் கொத்துகளை எடைபோடாதீர்கள்.

ரவி: அந்த விண்மீனே தனக்குள் சோடியத்தைச் சமைத்து மேலே கொண்டு வந்திருக்காதா?

வயதாகி ஊதிப் பெருத்த சிவப்பு ராட்சச விண்மீன்களை மட்டும் பார்த்தவரை இந்தச் சந்தேகம் நியாயம்தான். 2001-இல் கிராட்டன் குழு சிலியிலுள்ள விஎல்டி தொலைநோக்கியால் என்ஜிசி 6752 கொத்தில், இன்னும் ராட்சசனாகாத விண்மீன்களை ஆராய்ந்தது. அங்கேயும் சோடியம் ஏற ஆக்சிஜன் இறங்கியது. அவற்றின் உள்ளே அந்த அளவு வெப்பமே கிடையாது. பிறக்கும்போதே வாங்கி வந்த சரக்கு அது.

சுதா: உள்ளே உருவாகி மேலே வந்திருக்கலாம் இல்லையா?

மேலே ரவிக்குச் சொன்னதுதான்.

பாலா: அப்போது சாம்பலைக் கொட்டியது ஏஜிபி விண்மீன்கள், அதாவது வாழ்நாளின் கடைசிக் கட்டத்தில் வாயுவை உதறும் ராட்சசர்கள்தானே? விஷயம் முடிந்தது.

முடியவில்லை பாலா. ஏஜிபியில் ஆக்சிஜனை அழிக்கும் அதே வெப்பம் சோடியத்தையும் தின்னத் தொடங்கிவிடும். இன்னொன்று, கணக்கு இடிக்கிறது. பல கொத்துகளில் பாதிக்கு மேல் இந்த இரண்டாம் வகைதான். அவ்வளவு பேருக்குப் போதுமான வாயுவை ஏஜிபிகள் கக்கியிருக்க முடியாது.

பாலா: தொடக்கத்தில் கொத்து பல மடங்கு பெரிதாக இருந்து, முதல் வகை பிறகு சிதறிப் போயிருந்தால்?

சொல்கிறார்கள். அத்தனை கொத்துகளும் சொல்லி வைத்தாற்போல் முதல் வகையையே உதறின என்று நம்ப எனக்கு மனம் வரவில்லை.

பாலா: அப்படியென்றால் பல ஆயிரம் சூரிய நிறை கொண்ட பிரம்மாண்ட விண்மீன்?

வெப்பம் பொருந்துகிறது. அப்படியொன்றை யாரும் பார்த்ததில்லை.

கண்ணன்: ஒமேகா சென்டாரியில் ஹீலியம் மிக அதிகம் என்கிறார்களே, அது…

மறுபடியுமா! ஹீலியம் வேண்டுமென்றால் என்ஜிசி 2808-ஐப் பாருங்கள். 2007-இல் ஹபிள் படங்களை வைத்துப் போட்ட நிறம்-ஒளி வரைபடத்தில் அதன் முதன்மைத் தொடர், அதாவது மையத்தில் ஹைட்ரஜனை எரிக்கும் விண்மீன்களின் வரிசை, மூன்றாகப் பிரிந்து தெரிந்தது. ஹீலிய அளவு வேறுபடுவதுதான் அதற்கு விளக்கம்.

முருகன்: பைனாகுலரில் இந்த வித்தியாசம் தெரியுமா?

தெரியாது. அதற்கு நிறமாலை வேண்டும், அல்லது புறஊதாப் படம்.

கீதா: இளம் கொத்துகளிலும் இப்படி உண்டா?

இதை முன்பே கேட்டிருக்கக் கூடாதா! நம் பால்வீதியின் துணைக் கேலக்ஸிகளான மெகல்லன் மேகங்களில் சுமார் 200 கோடி வயதுள்ள என்ஜிசி 1978-இன் ராட்சச விண்மீன்களில் நைட்ரஜன் வேறுபாடு தெரிகிறது. சுமார் 150 கோடி வயதுள்ள என்ஜிசி 419-இன் ராட்சசர்களில் அது தென்படவில்லை. வயதுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? பாலாவின் இரண்டு ஆட்களான ஏஜிபியிடமும் பிரம்மாண்ட விண்மீனிடமும் இதற்கு நேரடிப் பதில் இல்லை.