பால்கனிக்கு 420 டொலர்

கடிதம்:

அன்புள்ள தம்பிக்கு,

உப்புவெளியிலிருந்து எழுதுகிறேன். கல்வித் திணைக்களத்தில் வேலைசெய்து இளைப்பாறி மூன்று வருடம். வருகிற ஆவணியில் எங்களுக்குக் கலியாணமாகி 35 வருடம் நிறைகிறது. 2023இல் சென்னையிலிருந்து எம்பிரஸ் என்ற உல்லாசக் கப்பல் திருகோணமலைக்கு வந்தபோது நானும் மனைவியும் போய்ப் பார்த்தோம். "ஒருக்கா இப்பிடி ஒண்டில போகவேணும்" என்று அவ அன்றைக்குச் சொன்னதை மனதில் வைத்திருந்தேன். இப்போது கனடாவில் இருக்கும் மகன் 2,500 அமெரிக்க டொலர் தருகிறேன், அம்மாவைக் கூட்டிக்கொண்டு போங்கோ என்கிறான்.

கொழும்பில் ஒரு ஏஜென்சி சிங்கப்பூர், பினாங்கு, புக்கெட், திரும்ப சிங்கப்பூர் என்று 4 இரவுப் பயணம் ஒன்றைச் சொல்கிறது. பால்கனி அறை ஆளுக்கு 640 டொலர், ஜன்னல் இல்லாத உள்ளறை 430. வாழ்க்கையில் ஒருதரம் போவது, பால்கனியே எடுப்போம் என்பது என் எண்ணம். பக்கத்து வீட்டு மாஸ்டர், "இந்தக் காசுக்கு நிலாவெளி ஹோட்டலில் ஒரு கிழமை இருக்கலாம், இல்லாட்டி காங்கேசன்துறையால நாகபட்டினம் போய்வரலாம், அதுவும் கப்பல்தானே" என்கிறார். மனைவிக்குப் பிரஷர் இருக்கிறது. வெள்ளிக்கிழமை மரக்கறி. எதைச் செய்ய?

உப்புவெளி வாசகர்

பதில்:

ஐயாவுக்கு வணக்கம்.

கப்பலில் போங்கள். ஆனால் பால்கனி வேண்டாம், ஆவணியிலும் வேண்டாம். முதலில் காசைப் பார்ப்போம். ஏஜென்சி சொன்ன விலை நீங்கள் கொடுக்கப்போகும் விலை இல்லை.

உள்ளறை ஆளுக்கு 430 என்றால் இருவருக்கும் 860. இதற்குமேல் துறைமுக வரி. சில விளம்பரங்களில் அது சேர்ந்திருக்கும், சிலவற்றில் அடியில் பொடி எழுத்தில் 'தவிர' என்றிருக்கும். ஆளுக்கு 110 என்று வைத்தால் 220. அடுத்தது டிப்ஸ். விரும்பினால் கொடுக்கிற காசு என்று நினைத்துவிடாதீர்கள். ஆளுக்கு ஓர் இரவுக்கு இவ்வளவு என்று கப்பலே உங்கள் கணக்கில் ஏற்றிவிடும். 18 டொலர் என்று பிடித்தால் இரண்டு பேருக்கு, நாலு இரவுக்கு 144. கட்டுநாயக்கவிலிருந்து சிங்கப்பூர் போய்வர ஆளுக்கு 330 வீதம் 660. கப்பல் ஏற முந்தின இரவு சிங்கப்பூரில் தங்க 120. விசா, காப்புறுதி 120. இங்கிருந்து விமான நிலையம் போய்வர, அங்கே டாக்சி என்று 80. கூட்டினால் 2,204. மகன் தருவதில் 296 மிஞ்சும். பினாங்கிலும் புக்கெட்டிலும் இறங்கிச் சுற்ற அது காணும்.

இதே கணக்கில் பால்கனி என்றால் இருவருக்கும் 420 கூடி 2,624. கரையில் இறங்கி ஒரு இளநீர் குடிக்க முதலே 124 டொலர் கையைக் கடிக்கும். விமான ரிக்கெற் ஏறி இறங்கும், ஹோட்டலும் அப்படித்தான். ஆனால் எந்தத் தலைப்பு எங்கே ஒளிந்திருக்கிறது என்பது மாறாது. ஏஜென்சியிடம் இந்தத் தலைப்புகளை ஒவ்வொன்றாகக் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

பால்கனி நல்ல விஷயம்தான், அலாஸ்காவிலோ நோர்வேயிலோ. அங்கே பனிமலையும் பாறையும் அறைக்கு எதிரே நகர்ந்துகொண்டு போகும். மலாக்கா நீரிணையில் கப்பல் பெரும்பாலும் பின்னேரம் வெளிக்கிட்டு இரவு முழுக்க ஓடும். துறைமுகம் உள்ள நாட்களில் பகலில் அங்கே நிற்கும், நீங்கள் வெளியே இருப்பீர்கள். இடையில் பால்கனிக் கதவைத் திறந்தால் நம்மூர் சித்திரை மாதப் புழுக்கம் உள்ளே வரும். உப்புவெளிக் கடற்கரையில் குடியிருக்கிற ஒருவர் கடலைப் பார்ப்பதற்கு இரவுக்கு 105 டொலர் மேலதிகமாகக் கொடுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. மேல்தளத்தில் கதிரை போட்டிருக்கும், காற்றும் கடலும் அங்கே சும்மா கிடைக்கும்.

உள்ளறையில் ஒரு சங்கடம் உண்டு. விளக்கை அணைத்தால் கும்மிருட்டு, காலை ஐந்து மணியா பதினொன்றா என்று தெரியாது. பூட்டிய அறையில் அம்மாவுக்கு மூச்சு முட்டுமென்றால் ஜன்னல் உள்ள அறையின் விலையைக் கேளுங்கள், அது இரண்டுக்கும் நடுவில் இருக்கும். எந்த அறையானாலும் இடம் முக்கியம். கப்பலின் நீளத்தில் நடுப்பகுதி, கீழ்த்தளம். கப்பல் தராசுமாதிரி நடுவில் குறைவாகவும் இரு நுனியிலும் கூடுதலாகவும் அசையும். தள வரைபடத்தை வாங்கி, உங்கள் அறைக்கு மேலேயும் கீழேயும் அறைகளே இருக்கின்றனவா என்று பாருங்கள். மேலே நீச்சல்குளமோ சாப்பாட்டு மண்டபமோ இருந்தால் விடியப்புறம் கதிரை இழுக்கும் சத்தம் தலைக்கு மேலே கேட்கும். 'அறை இலக்கம் பிறகு தருவோம், இன்னும் 40 டொலர் குறைவு' என்று ஒரு வகையும் உண்டு. அதை எடுத்தால் முன்மூக்கில் நங்கூரச் சங்கிலிக்குப் பக்கத்தில் கிடைத்தாலும் வாய் திறக்கமுடியாது.

இனி ஆவணி. மே முதல் ஒக்டோபர் வரை புக்கெட் பக்கம் தென்மேல் பருவக்காற்று. அங்கே பெரிய கப்பல்கள் பெரும்பாலும் வெளியே நங்கூரமிட்டு, சிறு படகில் ஆட்களை இறக்கும். அலை கூடினால் கப்டன் இறக்குவதை நிறுத்திவிடுவார். புக்கெட் போகாமலே திரும்பலாம், துறைமுக வரியில் ஏதாவது திரும்பக் கிடைத்தால் அவ்வளவுதான். அதே ஆவணியில் திருகோணமலைக் கடல் காலையில் குளம்போல் கிடக்கும். தை, மாசியில் எல்லாம் தலைகீழ். இங்கே வாடை அடித்துக் கடல் குழம்பியிருக்கும்போது பினாங்கும் புக்கெட்டும் வெயில் காய்ந்துகொண்டிருக்கும். சிங்கப்பூரில் மழை பெய்யும், பெய்யட்டும். மார்கழிப் பாடசாலை விடுமுறையையும் சீனப் புத்தாண்டுக் கிழமையையும் தவிர்த்தால் விலையும் இறங்கும். ஆகவே கலியாண நாளை இங்கே கொண்டாடுங்கள், கப்பலைத் தையில் வையுங்கள்.

பதியும்போது பிழைக்கிற இடங்கள் மூன்று. ஒன்று விசா. இலங்கைக் கடவுச்சீட்டுக்குச் சிங்கப்பூர் போக விசா தேவையில்லை. ஆனால் அவர்களுடைய வருகை அட்டையை இணையத்தில், வருவதற்கு முந்தின மூன்று நாளுக்குள் நிரப்பவேண்டும். கப்பலால் திரும்பி வந்து இறங்குவதும் புதிதாக நுழைவதுதான், ஆகவே இரண்டு தரம் நிரப்பவேண்டும். மலேசியாவுக்கு இலத்திரனியல் விசா எடுக்கவேண்டும். 'பினாங்கில் நாங்கள் இறங்கமாட்டோம்' என்ற கதை எடுபடாது. வழியிலுள்ள ஒரு நாட்டின் விசா இல்லாவிட்டாலும் சிங்கப்பூரிலேயே ஏறவிடாமல் நிறுத்துவார்கள், காசும் திரும்பாது. விதிகள் அடிக்கடி மாறுவதால் முற்பணம் கட்டும் கிழமையில் சிங்கப்பூர், மலேசியா, தாய்லாந்து மூன்றுக்கும் பார்த்துவிடுங்கள். கடவுச்சீட்டில் பயணம் முடிந்த பிறகும் ஆறு மாதம் மிச்சமிருக்கவேண்டும்.

இரண்டாவது, கப்பல் ஏறும் அன்றே சிங்கப்பூரில் இறங்குவது. விமானம் நாலு மணித்தியாலம்தான், காலையில் இறங்கிப் பகலில் ஏறலாம் என்று ஏஜென்சி சொல்லும். ஏறுமிடத்தைக் கப்பல் புறப்பட ஒரு மணித்தியாலத்துக்கு முன்பே, சிலவேளை அதற்கும் முந்தி மூடிவிடுவார்கள். விமானம் பிந்தினால் கப்பல் காத்துநிற்காது. அந்த 120 டொலர் ஹோட்டலில் கைவைக்காதீர்கள். திரும்பும் விமானத்தையும் கப்பல் சிங்கப்பூருக்குத் திரும்பி வரும் அன்று பின்னேரத்துக்குப் பிறகு எடுங்கள்.

மூன்றாவது, காசு கட்டும் விதம். 2022 தையில் உல்லாசக் கப்பல்கள் நடத்திய கெந்திங் ஹொங்கொங் நிறுவனம் விழுந்தது, அதன் ட்ரீம் குரூசஸ் கப்பல் சேவையும் பின்னாலேயே நின்றது. அந்தச் சேவையில் ஓடிய கெந்திங் ட்ரீம் என்ற கப்பல் அந்த ஆனியில் வேறு நிறுவனத்தின் பெயரில் சிங்கப்பூரிலிருந்து மறுபடி ஓடத் தொடங்கியது. கப்பல் திரும்ப வரும், முன்கூட்டிக் கட்டிய காசு அப்படி லேசில் வராது. முற்பணம் மட்டும் கட்டி, மீதியைக் கடைசித் தவணையில், கிரெடிட் கார்ட்டில் கட்டுங்கள். எத்தனை நாளுக்கு முன் ரத்துச்செய்தால் எவ்வளவு வெட்டுவார்கள் என்ற அட்டவணையையும் கேட்டு வாங்குங்கள்.

கப்பலுக்குள் காசு செல்லாது, அறைத் திறப்பு அட்டையிலேயே எல்லாம் ஏறும். அதற்கு கிரெடிட் கார்ட் கொடுங்கள். டெபிட் கார்ட் கொடுத்தால் அவர்கள் முடக்கிவைக்கும் தொகை வீடு வந்த பிறகும் நாள்கணக்கில் விடுபடாது. பெரிய சாப்பாட்டு மண்டபமும் தண்ணீரும் இரவுக் காட்சியும் விலைக்குள் வரும். சோடா, பழச்சாறு, தனி உணவகங்கள், இணையம் வராது. வெள்ளிக்கிழமை மரக்கறியை ஏறியபிறகு சொல்லாமல் பதியும்போதே எழுதிக்கொடுங்கள். போனை ஏறியவுடன் பிளைட் மோடில் போடுங்கள். நடுக்கடலில் அது கப்பலின் சிக்னல் கோபுரத்தைப் பிடித்துக்கொண்டால் மகனோடு பத்து நிமிடம் கதைத்ததற்கு வரும் பில், பால்கனியை மலிவாக்கிவிடும்.

பெரிய பெட்டிகளைத் துறைமுகத்தில் வாங்கி, அறைக்குப் பின்னேரம்தான் கொண்டுவருவார்கள். பிரஷர் குளிசை, கடவுச்சீட்டு, ஒரு மாற்றுடுப்பு கைப்பையில் இருக்கட்டும். பிளேன்டி வைக்கச் சின்னக் கேத்தில் கொண்டுபோகும் யோசனை இருந்தால் விடுங்கள், தீப்பிடிக்கும் என்று பறித்து வைத்துவிடுவார்கள். பிளாஸ்க் கொண்டுபோங்கள், சுடுதண்ணீர் கேட்டால் தருவார்கள். வெற்றிலைப் பையில் புகையிலை இருந்தால் வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள், சிங்கப்பூரில் வாய்ப்புகையிலை தடை. கப்பல் வைத்தியரிடம் போனால் டொலரில் பில் வரும், ஆகவே காப்புறுதி எடுக்கும்போது பிரஷர் இருப்பதை மறைக்காதீர்கள். மறைத்தால் பில் வரும் நாளில் அதையே பிடித்துக்கொள்வார்கள்.

மாஸ்டர் சொன்ன நாகபட்டினக் கப்பலையும் பார்ப்போம். சிவகங்கை என்ற அந்தப் படகு 2024 ஆவணியில் ஓடத் தொடங்கியது. ஏறத்தாழ 60 கடல்மைல், நாலு மணித்தியாலம் வரை எடுக்கும், 150 பேர் மட்டில் இருந்த இடத்தில் இருந்துகொண்டு போகலாம். அது கடலில் ஓடுகிற பஸ். உல்லாசக் கப்பலுக்கு மாற்று இல்லை, ஆனால் தஞ்சாவூருக்கும் நாகூருக்கும் வேளாங்கண்ணிக்கும் போக அதைவிட நேர்வழி நமக்கு இல்லை. இருவரும் போய்வர ஆகும் கப்பல் காசு அந்தப் பால்கனி 420ஐ எட்டாது. வாடைக் காலத்தில் நிறுத்திவிடுவார்கள், மற்றக் காலத்திலும் காற்றுக்கு நாள் மாறும். திரும்பும் திகதிக்குப் பின்னால் இரண்டு நாள் சும்மா விட்டுவையுங்கள். நீங்கள் எடுக்கும் இந்திய விசா நாகபட்டினத் துறைமுகத்தில் செல்லுமா என்று விண்ணப்பிக்க முதல் கேளுங்கள். சாமானுக்கு நிறைக் கட்டுப்பாடு உண்டு, கும்பகோணத்தில் பித்தளை வாங்கும் எண்ணமிருந்தால் அதையும் நினைத்துக்கொள்ளுங்கள். சென்னைக்கு விமானத்தில் போய் அங்கிருந்து உல்லாசக் கப்பல் ஏறும் வழியையும் யாராவது சொல்லக்கூடும். கப்பலால் திரும்பவும் சென்னையில் இறங்கவேண்டுமென்பதால் பலமுறை நுழையும் விசா வேண்டும். அந்தக் கப்பல் உங்களைக் கொண்டுவந்து திருகோணமலையைக் காட்டினாலும் ஆச்சரியப்படாதீர்கள்.

கலியாண நாளுக்கு நிலாவெளி நல்லது. மூன்று இரவு, மூன்று வேளைச் சாப்பாட்டோடு எடுங்கள். வீடு பத்துக் கிலோமீற்றரில் இருப்பதுதான் அதிலுள்ள ஆபத்து. பூக்கன்றுக்குத் தண்ணீர் விடவேண்டும் என்று அம்மா இரண்டாம் நாள் ஓட்டோ பிடித்துவிடுவா, போனதும் போனதுதான் என்று ஒரு சோறு கறியும் வைத்துவிடுவா. திறப்பை மாஸ்டரிடம் கொடுத்துவிட்டுப் போங்கள், யோசனை சொன்னவர் தண்ணீரும் விடட்டும்.

அங்கிருந்து ஒரு காலை திமிங்கிலம் பார்க்கப் போகலாம். நம் துறைமுக வாயிலிலேயே கடலடிப் பள்ளத்தாக்கு தொடங்குவதால் ஆழம் கரைக்குக் கிட்ட வந்துவிடுகிறது, நீலத் திமிங்கிலமும் விந்துத் திமிங்கிலமும் அதனால்தான் இந்தப் பக்கம் வருகின்றன. ஐந்தரை, ஆறு மணிக்கு வெளிக்கிட்டால் கச்சான் காற்று எழும்ப முதல் திரும்பலாம். விலை படகுக்கா ஆளுக்கா என்று முதலில் கேளுங்கள். பைபர் படகில் நிழலும் இல்லை, மலசலகூடமும் இல்லை. முன்பக்கம் அலையில் எழும்பி அடிக்கும், முதுகுக்கு ஆகாது, நடுவுக்குப் பின்னால் இருங்கள். வாந்திக் குளிசையைப் படகில் ஏறியபிறகு போட்டுப் பயனில்லை, ஒரு மணித்தியாலம் முந்திப் போடவேண்டும். பிரஷர் குளிசையோடு சேர்த்து எடுக்கலாமா என்று வைத்தியரிடம் கேட்டுவிடுங்கள். 100 மீற்றருக்குக் கிட்டப் போகக்கூடாது என்பது சட்டம். படகுக்காரத் தம்பி உங்களைச் சந்தோஷப்படுத்த நெருங்குவார், வேண்டாம் என்று நீங்களே சொல்லுங்கள். திமிங்கிலத்தின் தலைக்கு முன்னால் படகு குறுக்கே வெட்டினால் அது அமிழ்ந்துவிடும், காலை முழுவதும் வெறும் தண்ணீரைத்தான் பார்ப்பீர்கள்.

புறாத்தீவு இன்னும் சுகம், நிலாவெளிக் கரையிலிருந்து ஒரு கிலோமீற்றர்தான். 2003இல் தேசியப் பூங்காவாக்கினார்கள், அனுமதிச்சீட்டு வேறு, படகுக் கூலி வேறு. போயாவையும் சனி ஞாயிறையும் தவிருங்கள். கரையில் மணலைவிட உடைந்த முருகைக்கல் அதிகம், செருப்பில்லாமல் இறங்கினால் கால் கிழியும். அம்மா நீந்தாவிட்டாலும் பரவாயில்லை. லைப் ஜாக்கெட்டோடு இடுப்பளவு தண்ணீரில் நின்று முகத்தைத் தாழ்த்தினாலே மீன் தெரியும். மூக்கையும் மூடும் வாடகை நீச்சல் கண்ணாடியைப் பட்டி போடாமல் முகத்தில் ஒட்டி, மூக்கால் மெதுவாக இழுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். கையை எடுத்தாலும் விழாமல் ஒட்டிநின்றால் அது அவவுக்குரிய அளவு. விழுந்தால் வேறொன்று கேளுங்கள், எத்தனை தரமானாலும்.