மகன் ‘வரலாம்’ என்கிறான். மாடியை எப்படி வாடகைக்கு விடுவது?

கேள்வி: ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டு மாடிப் போர்ஷனை ஜூன் முதல் வாடகைக்கு விடுகிறேன். துபாயில் இருக்கும் மகன் இரண்டு வருடத்தில் திரும்பி வரலாம் என்கிறான். “காலம் குறித்து எழுதி மாட்டிக்கொள்ளாதே, மாத வாடகை என்றால் வேண்டும்போது காலி செய்யச் சொல்லலாம்” என்கிறார் நாத்தனார். வரப்போகும் குடும்பமோ இரண்டு பிள்ளைகளைப் பக்கத்துப் பள்ளியில் சேர்த்துவிட்டு, 11 மாத ஒப்பந்தம் கேட்கிறது. எது நல்லது?
– ஓய்வுபெற்ற ஆசிரியை

பதில்: காலி செய்யச் சொல்லலாம் டீச்சர், அவர்கள் போகவேண்டுமே! மறுத்தால், மாத வாடகையோ 11 மாதமோ, வாடகை நீதிமன்றத்துக்குத்தான் போகவேண்டும். சட்டம் ஏற்கும் காரணத்தையும் காட்டவேண்டும். மாத வாடகையில் வேறெதுவும் பேசிக்கொள்ளாவிட்டால், சொத்து மாற்றச் சட்டப்படி 15 நாள் அறிவிப்பு போதும். அந்த 15 நாள் அவர்களுக்கும்தான். திடீரென்று கிளம்பிவிட்டால் மாடி பூட்டிக் கிடக்கும். வெள்ளையடிப்பு, புரோக்கர் கமிஷன் எல்லாம் மறுபடி முதலிலிருந்து.

எழுதாமல் விடுவதற்கும் வழியில்லை. 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டப்படி எழுத்து ஒப்பந்தம் கட்டாயம்; 90 நாட்களுக்குள் வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும். ஒரு வருடத்துக்கு மேற்பட்ட குத்தகையைச் சார்பதிவாளரிடம் பதியச் சொல்வது 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டம். அதைத் தவிர்க்கவே 11 மாதம் என்று எழுதிப் பழகினோம். ஆனால் வாடகை அதிகாரியிடம் அந்த 11 மாத ஒப்பந்தமும் போயாக வேண்டும். பல வீட்டுக்காரர்கள் முத்திரைத்தாளை பீரோவில் பூட்டியதோடு சரி.

என்னைக் கேட்டால், 11 மாதமே எழுதுங்கள். ஜூன் 1-இல் தொடங்கினால் ஏப்ரல் 30-இல் முடியும். அதற்குள் பிள்ளைகளுக்குத் தேர்வும் முடிந்திருக்கும். வீடு மாறச் சொன்னாலும் மனம் நோகாது. படிக்கிற பிள்ளைகள் உள்ள குடும்பம் நடுவருடத்தில் லேசில் நகராது என்பது உங்களுக்கும் வசதி. கடையில் விற்கும் அச்சுப் படிவத்தில் அப்படியே கையெழுத்திட்டுவிடாதீர்கள். இரு தரப்பும் இரண்டு மாதம் முன்னதாகச் சொல்லவேண்டும் என்பதையும், புதுப்பிக்கும்போது வாடகை எவ்வளவு கூடும் என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

ஒரு எச்சரிக்கை. ஏப்ரல் முடிந்தும் இரு தரப்பும் வாய் திறக்காமல் இருந்தால், அதே வாடகைக்கு மாதா மாதம், அதிகபட்சம் ஆறு மாதம் வரை, ஒப்பந்தம் நீண்டதாகச் சட்டம் எடுத்துக்கொள்ளும். ஆகவே பிப்ரவரியிலேயே மகனிடம் கேட்டுவிடுங்கள். ‘வரலாம்’ என்றால் இன்னொரு 11 மாதம். டிக்கெட் எடுத்து, ஆகஸ்டில் வருகிறேன் என்று தேதி சொன்னால், இடைப்பட்ட மூன்று மாதங்களுக்கு நாத்தனார் சொன்ன மாத வாடகை பொருந்தும். அதையும் எழுதியே வையுங்கள்.