பனி உருகுவதால் ஆர்க்டிக்கில் எண்ணெய்க்காகப் போர் மூளுமா?

தொலைக்காட்சி விவாதம் எதையோ பார்த்துவிட்டு நீங்கள் இதைக் கேட்பதாகத் தோன்றுகிறது. நான் பேராசிரியனோ படை அதிகாரியோ அல்லன். ரஷ்யாவின் மூர்மான்ஸ்க் துறைமுகத்தில் நிலக்கரி ஏற்றச் சென்ற சரக்குக் கப்பலில் இரண்டாம் அதிகாரியாக இருந்தவன். கப்பல்காரனுக்கு அரசியல் என்ன தெரியும் என்பவர்கள் இத்துடன் நிறுத்திக்கொள்ளலாம்.

எண்ணெய்க்காகப் போர் வரும் என்று நான் நினைக்கவில்லை. அங்குள்ள எண்ணெயும் எரிவாயுவும் பெரும்பாலும் ஏதாவதொரு நாட்டுக்குக் கடல்வள உரிமையுள்ள 200 கடல் மைல் எல்லைக்குள்ளேயே இருக்கின்றன. இரு நாடுகளுக்கும் வடக்கேயுள்ள பேரன்ட்ஸ் கடலில் நாற்பது ஆண்டுகள் இழுத்த எல்லைத் தகராற்றைக்கூட நார்வேயும் ரஷ்யாவும் 2010-இல் ஒப்பந்தமிட்டு முடித்துக்கொண்டன.

அச்சம் தருவது, ரஷ்யாவின் வடமேற்கு மூலையில் நார்வேக்கு அருகிலுள்ள கோலா தீபகற்பம். நார்வேயின் கிழக்கு முனையிலுள்ள வர்டோ தீவில் வெள்ளை உருண்டைகளாக ரேடார் நிலையம் நிற்கிறது. விண்பொருள்களைக் கண்காணிக்கவே அது என்கிறது நார்வே, தன்னைக் கண்காணிக்கத்தான் என்கிறது ரஷ்யா. அதைத் தாண்டிக் கோலா வளைகுடாவுக்குள் நுழைந்தால், மூர்மான்ஸ்க் வருவதற்கு முன்பே இடப்பக்கம் ரஷ்யாவின் வடக்குக் கடற்படையின் தலைமையகமான செவெரோமோர்ஸ்க். துறைமுகத்துக்கு வழிகாட்டும் பைலட் கப்பலில் ஏறியதும் முதலில் சொன்னது, கேமராவை வெளியே எடுக்காதீர்கள் என்பதுதான்.

அந்தப் பயணத்தில் ஓர் இரவு, ஜிபிஎஸ் கருவிகள் இரண்டும் ஒருசேர இடம் காட்டாமல் போயின. விடியும்வரை ரேடாரில் கரையின் திசையையும் தொலைவையும் அளந்தே சென்றோம். காரணம் எங்களுக்குத் தெரியவில்லை. ஆனால் நார்வேயின் வடகிழக்கு மூலையான கிழக்கு ஃபின்மார்க்கில் நேரும் இத்தகைய இடையூறுகள் ரஷ்யப் பக்கத்திலிருந்தே வருகின்றன என்று நார்வே 2017 முதல் முறையிட்டு வருகிறது. எங்களுக்கு அது எரிச்சலோடு போயிற்று. அணு ஆயுத நீர்மூழ்கிகள் நடமாடும் அந்தக் கடலில் ஒரு போர்க்கப்பல் அதையே தாக்குதலின் தொடக்கம் என்று எடுத்துக்கொண்டால் என்னாகும்?

அப்படியொரு தவறான கணிப்பைப் பேசித் தெளிவதற்கான இடங்கள் குறைந்துவிட்டன. எட்டு ஆர்க்டிக் நாடுகள் சேர்ந்து 1996-இல் அமைத்த ஆர்க்டிக் மன்றம் படை விவகாரங்களைத் தொடக்கத்திலேயே விலக்கி வைத்தது. அந்த எட்டு நாடுகளின் படைத் தலைவர்கள் நடத்திய சந்திப்புகள் 2014-இல் ரஷ்யா கிரிமியாவை எடுத்துக்கொண்டதோடு நின்றன. 2024-இல் ஸ்வீடனும் நேட்டோவில் சேர்ந்தபின் ரஷ்யா தவிர ஏழும் நேட்டோ நாடுகள். மிஞ்சியிருப்பவற்றில் நார்வேயின் படைத் தலைமையகத்துக்கும் வடக்குக் கடற்படைக்கும் இடையிலான நேரடித் தொடர்பும், காட் மீன் ஒதுக்கீட்டை ஆண்டுதோறும் முடிவுசெய்யும் இருநாட்டு ஆணையமும் முக்கியமானவை. உக்ரைன் போருக்குப் பிறகும் அந்த ஒதுக்கீடு கையெழுத்தாகி வருகிறது. அதுவும் நின்றுபோனால் என் கவலை இன்னும் கூடும்.