வாசகர் கேள்வி – பதில்: உப்பு ஏரிக்கு மேலே ஒரு சிறு விமானம்

ஆஸ்திரேலியாவின் நடுப்பகுதியைச் சிறு விமானத்தில், இடையிடையே இறங்கித் தங்கிப் பார்த்துவிட்டு வந்ததைப் பற்றிச் சென்ற இதழில் ஒரு பதிலுக்கு நடுவே இரண்டே வரிகள் எழுதியிருந்தேன். அந்த இரண்டு வரிகளுக்குப் பல கடிதங்கள் வந்துவிட்டதால், இந்த இதழின் பக்கங்கள் முழுவதையும் அதற்கே ஒதுக்குகிறேன். அடிலெய்டில் புறப்பட்டு, ஃபிளிண்டர்ஸ் மலைத்தொடர், வில்லியம் கிரீக், பேர்ட்ஸ்வில், ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் ஆகிய இடங்களில் இறங்கி, வழியில் ஐர் ஏரி என்ற உப்பு ஏரியைக் கடந்து, உலுரு என்ற மாபெரும் தனிப்பாறையில் முடியும் பாதை அது. மொத்தம் 2,000 கிலோமீட்டருக்குச் சற்று அதிகம்; நாங்கள் நான்கு நாள்கள் எடுத்துக்கொண்டோம்.

கேள்வி: சிட்னியிலிருந்து ஜெட் விமானம் உலுருவுக்கு நேராகவே செல்கிறது. சில மணி நேரத்தில் போய்ச் சேரக்கூடிய ஓர் இடத்துக்கு நான்கு நாள்கள் செலவழிப்பதால் அப்படி என்ன கிடைத்துவிடும்?

பதில்: உலுரு ஒன்றை மட்டும் பார்ப்பதுதான் நோக்கம் என்றால் ஜெட் விமானமே போதும், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் 35,000 அடி உயரத்திலிருந்து பார்க்கும்போது அந்த நிலம் முழுவதும் விரித்துப் போட்ட ஒரே செந்நிறப் பாயாகத்தான் தெரியும். சிறு விமானம் சில ஆயிரம் அடி உயரத்தில், மணிக்கு 200 கிலோமீட்டருக்குச் சற்று மேலான வேகத்தில் செல்கிறது. அந்த உயரத்தில் ஒரு தண்ணீர்த் தொட்டியைத் தேடி வந்த மாடுகள் ஆண்டுக்கணக்காக நடந்து நடந்து உண்டாக்கிய தடங்கள், சக்கரத்தின் ஆரக்கால்களைப் போல நாலாபுறமும் விரிந்து கிடப்பதைக்கூடக் கண்ணால் எண்ணிவிடலாம். நிலம் எந்த இடத்தில், எதனால் மாறுகிறது என்பதை அந்த மாற்றம் நிகழும் இடத்திலேயே பார்ப்பதற்காகத்தான் இந்தப் பயணம்.

ஓர் உதாரணம் சொல்கிறேன். அடிலெய்டுக்கு வடக்கே முதல் ஒரு மணி நேரம் கட்டம் கட்டமாகக் கோதுமை வயல்கள் வந்துகொண்டே இருக்கும். பிறகு கட்டங்கள் பெரிதாகி, நிறம் வெளுத்து, உழவின் வரிகள் நின்றுபோய், சாம்பல் பச்சை நிறத்தில் உப்புப் புதர்கள் தொடங்கிவிடும். 1865இல் தென் ஆஸ்திரேலியாவின் தலைமை நில அளவையாளராக இருந்த ஜார்ஜ் கோய்டர், இதற்கு வடக்கே மழையை நம்பிப் பயிரிடக் கூடாது என்று வரைபடத்தில் கோடு ஒன்றைப் போட்டுக் காட்டினார். அடுத்த பத்தாண்டில் சில ஆண்டுகள் நல்ல மழை பெய்ததால், மக்கள் அந்தக் கோட்டைத் தாண்டிச் சென்று கல்வீடு கட்டிக் கோதுமை விதைத்தார்கள். அதன்பின் வறட்சி வந்தது. வீடுகளைப் போட்டுவிட்டுத் திரும்பினார்கள். கூரையில்லாத அந்தச் சுவர்களும் தனியாக நிற்கும் புகைபோக்கிகளும் இன்றும் விமானத்திலிருந்து தெரிகின்றன. வரைபடத்தில் மட்டுமே இருப்பதாக நான் எண்ணியிருந்த கோட்டை, ஜன்னலுக்குக் கீழே நிலமே வரைந்து காட்டியபோது எனக்கு உண்மையாகவே மெய் சிலிர்த்தது.

அடுத்து வருவது ஃபிளிண்டர்ஸ் மலைத்தொடரில் உள்ள வில்பேனா பவுண்ட். அங்குள்ள பூர்வகுடிகளான அட்னியமத்தனா மக்கள் அதை இக்காரா என்று அழைக்கிறார்கள். தரையில் நின்று பார்த்தால் அது ஒரு நீண்ட மலைச்சுவர் மட்டுமே. மேலிருந்து பார்க்கும்போதுதான், அது சுற்றிலும் மலை உயர்ந்து நடுவில் மரங்கள் அடர்ந்த, 17 கிலோமீட்டர் நீளமான ஒரு பெருங்கிண்ணம் என்பது விளங்கும். எரிமலை வாய் என்றோ விண்கல் விழுந்த பள்ளம் என்றோ பலர் நினைத்துவிடுகிறார்கள். இரண்டும் அல்ல. பழங்காலக் கடலடியில் படிந்த பாறை அடுக்குகள் பக்கவாட்டு அழுத்தத்தால் மடிந்து, மென்மையான அடுக்குகள் கரைந்துபோக, குவார்ட்சைட் என்ற கடினமான பாறையாலான விளிம்பு மட்டும் எஞ்சி நிற்கிறது.

கேள்வி: ஐர் ஏரியில் தண்ணீர் இருக்கும்போது போக வேண்டுமா, வற்றியிருக்கும்போது போக வேண்டுமா? தண்ணீர் இல்லாவிட்டால் பணம் வீண்தானே?

பதில்: அந்த ஏரியின் இன்றைய அதிகாரப்பூர்வப் பெயர் கட்டி தண்டா – ஐர் ஏரி. கட்டி தண்டா என்பது அந்நிலத்துக்கு உரிய அரபானா மக்கள் வழங்கும் பெயர். 2012இல் அது ஐரோப்பியப் பெயருடன் இணைக்கப்பட்டது. ஆஸ்திரேலியாவின் மிகத் தாழ்ந்த இடம் இதுவே. கடல் மட்டத்துக்கு ஏறத்தாழ 15 மீட்டர் கீழே இருக்கிறது. நிரம்பினால் 9,500 சதுர கிலோமீட்டர் பரப்பு. ஆனால் முழுமையாக நிரம்புவது ஒரு தலைமுறைக்கு ஒன்றிரண்டு முறைதான். கடந்த நூற்றாண்டில் 1974இல் வந்த நீரே மிக அதிகம்.

இந்த ஏரியைப் பற்றி நான் அழுத்திச் சொல்ல விரும்புவது, அதை நிரப்புவது அங்கே பெய்யும் மழை அன்று என்பதைத்தான். கண்டத்தின் ஆறில் ஒரு பங்கு நிலத்தின் நீர் இந்தப் பள்ளத்தை நோக்கியே சரிகிறது. வடகிழக்கு மாநிலமான குவீன்ஸ்லாந்தின் மேற்குப் பகுதியில் பெருமழை கொட்டினால், அந்த வெள்ளம் டயமன்டினா, ஜார்ஜினா, கூப்பர் கிரீக் என்ற ஆறுகளில் இறங்கி, நூற்றுக்கணக்கான ஓடைகளாகப் பிரிந்து, சமவெளியில் பரவி, பாதியை மண்ணுக்கும் வெயிலுக்கும் கொடுத்துவிட்டு, பல வாரங்கள், சில வேளைகளில் சில மாதங்கள் கழித்தே ஏரியை எட்டும். 2025இன் தொடக்கத்தில் குவீன்ஸ்லாந்தில் பெருகிய வெள்ளம் அப்படித்தான் வந்து சேர்ந்தது. ஆகவே ஏரியில் நீர் இருக்குமா என்று அறிய விரும்புபவர்கள் ஏரிப் பகுதியின் வானிலையைப் பார்த்துப் பயனில்லை. இரண்டு மூன்று மாதங்களுக்கு முன் வடகிழக்கே என்ன பெய்தது என்று பாருங்கள்.

நீர் வந்தால் பெலிக்கன் பறவைகள் ஆயிரக்கணக்கில் வந்து குஞ்சு பொரிக்கின்றன. கடற்கரையிலிருந்து நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் உள்ளே இருக்கும் நீரை அவை எப்படி அறிந்துகொள்கின்றன என்பது பறவையியலாளர்களுக்கே இன்னும் தெளிவாகாத ஒன்று. நீர் வற்றிக் கெட்டியாகும்போது, உப்பை விரும்பும் நுண்பாசிகள் பெருகி, ஏரியின் சில பகுதிகள் இளஞ்சிவப்பாக மாறும். நான் சென்றபோது தெற்குப் பகுதி முழுவதும் வெறும் உப்பு. வடக்கில் மட்டும் ஓர் அங்குலம் இரண்டு அங்குலமே இருக்கும் போலத் தோன்றிய நீர். காற்றே இல்லாத காலை. கீழே வானம், மேலே வானம். நடுவில் அடிவானக் கோடு இல்லவே இல்லை. எங்கள் விமானி வெளியே பார்ப்பதை விட்டுவிட்டுக் கருவிகளையே பார்த்து ஓட்டினார். கண்ணை நம்பினால் எது மேல், எது கீழ் என்று தவறிவிடும் என்று காதொலிக் கருவி வழியாக அமைதியாகச் சொன்னார்.

வற்றிய ஏரிக்கும் தனி அழகு உண்டு. பணம் வீண் என்று சொல்லவே மாட்டேன். அந்த உப்புத் தளம் அத்தனை சமமாக இருந்ததால்தான் பிரிட்டனின் வேகச் சாதனையாளர் டொனால்டு கேம்ப்பெல் தம் காரை அங்கே கொண்டுபோனார். 1963இல் அவர் வந்த வேளையில் மழை பெய்து முயற்சி நின்றுபோனது. மறு ஆண்டு ஜூலை 17 அன்று மணிக்கு ஏறத்தாழ 649 கிலோமீட்டர் வேகத்தை எட்டிச் சாதனை படைத்தார்.

கேள்வி: ஒற்றை எஞ்சின் விமானம் என்கிறீர்கள். என் அம்மாவுக்கு 68 வயது. உடன் வர ஆசைப்படுகிறார். நம்பி அழைத்துச் செல்லலாமா?

பதில்: பெரிய பயணிகள் விமானத்துக்கு இணையான பாதுகாப்பு என்று நான் சொல்லமாட்டேன், அது உண்மையாகாது. ஆனால் அச்சம் எங்கே தேவை, எங்கே தேவையில்லை என்பதை அறிந்து முடிவெடுங்கள். எஞ்சின் நின்றால் விமானம் கல்லைப் போல விழுந்துவிடாது. இத்தகைய விமானம் ஆயிரம் அடி உயரத்துக்கு இரண்டரைக் கிலோமீட்டர் அளவு சறுக்கிச் செல்லும். கீழே இருப்பதோ பெரும்பாலும் தட்டையான, மரமற்ற தரை. விமானி ஒவ்வொரு கட்டத்திலும், இன்ன நேரத்துக்குள் நான் தகவல் சொல்லாவிட்டால் தேடத் தொடங்குங்கள் என்று தரையில் இருப்பவர்களுக்கு முன்கூட்டியே அறிவித்துவிடுவார். நீங்கள் கவனிக்க வேண்டியது வேறொன்று: வானிலை சரியில்லை, இன்று புறப்படவில்லை என்று விமானி சொன்னால், விடுதி முன்பதிவைக் காட்டி அவரை நெருக்காதீர்கள். கையில் உபரியாக ஒரு நாள் வைத்துக்கொண்டு செல்லுங்கள்.

அம்மாவுக்கு உண்மையான சிரமம் குலுக்கலாகத்தான் இருக்கும். வெயில் ஏற ஏறச் சூடான காற்று தரையிலிருந்து குமிழி குமிழியாக மேலெழும். செம்மண் ஒரு வகையாகவும் வெள்ளை உப்பு வேறு வகையாகவும் சூடேறுவதால், ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறும் விளிம்பில் விமானம் தூக்கிப் போடும். காலை ஏழு மணிக்குக் கண்ணாடி போல இருக்கும் காற்று, பதினொரு மணிக்கு மேட்டுப்பள்ளச் சாலையாகிவிடும். ஒரு முறை எங்களுக்கு ஏற்பாடு செய்துதந்தவர்கள் புறப்பாட்டைக் காலையிலிருந்து நண்பகலுக்குத் தள்ளிவிட்டார்கள். அன்று விமானத்திலிருந்த ஐந்து பேரில் மூவர் வாந்தி எடுப்பதற்கான காகிதப் பையை மடியை விட்டு அகற்றவே இல்லை; ஏரியை யாரும் சரியாகப் பார்க்கவும் இல்லை. ஆகவே மே முதல் செப்டம்பர் வரையிலான குளிர்ந்த மாதங்களில், விடிந்தவுடன் புறப்படும் பயணத்தையே கேட்டு வாங்குங்கள். விமானத்தில் கழிப்பறை கிடையாது என்பதையும் அம்மாவிடம் முன்பே சொல்லிவிடுங்கள். ஒரு கட்டம் இரண்டு மணி நேரத்துக்கு மேலும் நீளக்கூடும்.

கேள்வி: ஏறுவதற்கு முன் எல்லோரையும் எடை போடுகிறார்களாமே?

பதில்: ஆம், பையோடு சேர்த்து. அதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. யாரை எங்கே உட்கார வைப்பது என்பது அந்த எண்ணைக் கொண்டே முடிவாகிறது. எடை பின்பக்கம் கூடிவிட்டால் விமானத்தின் சமநிலை கெடும். பெட்டி வேண்டாம், மடங்கக்கூடிய துணிப்பை எடுத்துச் செல்லுங்கள்.

கேள்வி: நல்ல புகைப்படம் எடுக்க எந்த இருக்கையைக் கேட்க வேண்டும்?

பதில்: இருக்கையை விட இறக்கையைக் கேளுங்கள். செஸ்னா 210, ஆஸ்திரேலியாவிலேயே தயாரான ஏர்வேன் போன்றவற்றில் இறக்கை ஜன்னலுக்கு மேலே இருக்கும். அதனால் கீழே மறைப்பு இல்லை. இறக்கை கீழே உள்ள விமானமானால் பாதி நிலம் அதற்கடியில் போய்விடும். கறுப்புச் சட்டை அணியுங்கள். வெள்ளைச் சட்டை ஜன்னலில் பிரதிபலித்துப் படத்தைக் கெடுக்கும். அலைபேசியை ஜன்னலில் அழுத்தி வைக்காதீர்கள். எஞ்சினின் அதிர்வு படத்தில் இறங்கிவிடும்.

கேள்வி: நடுவில் இறங்கும் ஊர்களில் பார்க்க ஏதாவது இருக்கிறதா, அல்லது எரிபொருள் நிரப்ப மட்டும்தானா?

பதில்: வில்லியம் கிரீக்கில் பத்துப் பேர் அளவில்தான் வசிக்கிறார்கள், சுற்றிலும் இருப்பது உலகின் மிகப் பெரிய மாட்டுப் பண்ணையான அன்னா கிரீக். பேர்ட்ஸ்வில்லில் விமானத் தளத்துக்கு எதிரிலேயே 1884இல் கட்டிய விடுதி நிற்கிறது. இறங்கி நடந்தே போய்விடலாம். ஊர் சிறிது என்று குறைவாக எண்ண வேண்டாம். இரண்டு மணி நேரம் ஆளற்ற நிலத்தைப் பார்த்துவிட்டு இறங்கும்போது, கையசைக்கும் ஒரு மனிதரின் முகம் எவ்வளவு பெரிதாகத் தெரிகிறது என்பதை அங்கேதான் உணர்ந்தேன்.

பேர்ட்ஸ்வில்லைத் தாண்டியதும் சிம்ப்சன் பாலைவனம். ஆயிரத்துக்கும் மேற்பட்ட மணல் முகடுகள், ஒன்றுக்கொன்று இணையாக, சில 200 கிலோமீட்டர் நீளம் வரை, காற்று உழுத சால்களைப் போல ஓடுகின்றன. முகடு சிவப்பு, இடைப்பள்ளம் வெளிர் மஞ்சள், சில இடங்களில் மழைக்குப் பிந்தைய பச்சை. 1929இல் நிலவியலாளர் சிசில் மேடிகன் விமானத்தில் பறந்து ஆராய்ந்த பிறகே அதற்கு இந்தப் பெயரை வைத்தார். பத்தாண்டு கழித்து, 1939இல், ஒட்டகங்களுடன் அதைக் கடந்தார். இந்தக் கட்டத்தில் பலர் தூங்கிவிடுகிறார்கள். தயவுசெய்து தூங்காதீர்கள்.

கேள்வி: உலுருவின் மீது ஏற இப்போது அனுமதி இல்லை. விமானத்திலிருந்து விருப்பப்படி படம் எடுக்கலாமா?

பதில்: 2019 அக்டோபர் 26 முதல் ஏறுவது நிறுத்தப்பட்டுவிட்டது, அந்த இடம் அங்குள்ள பூர்வகுடிகளான அனங்கு மக்களுக்குப் புனிதமானது, அவர்கள் நெடுங்காலமாகக் கேட்டு வந்தது அது. எனவே பாறையின் உச்சியை இன்று வானிலிருந்து மட்டுமே காண முடியும். 348 மீட்டர் உயரமுள்ள அந்தப் பாறையின் அடுக்குகள் ஏறக்குறைய செங்குத்தாக நிமிர்ந்திருப்பதால், உச்சி முழுவதும் விலா எலும்புகளைப் போல வரிவரியாக இருக்கும். ஆனால் அருகே பறக்கவும் படமெடுக்கவும் விதிகள் உண்டு. பாறையின் சில பக்கங்களைப் படமெடுக்க வேண்டாம் என்று அனங்கு மக்கள் கேட்டுக்கொள்கிறார்கள். விமானி கேமராவைக் கீழே வைக்கச் சொல்லும்போது வைத்துவிட்டுக் கண்ணால் பாருங்கள். இன்னொன்று: ஆலிஸ் ஸ்பிரிங்ஸிலிருந்து வரும்போது உலுருவுக்கு முன்பே இடப்பக்கம் தட்டையான உச்சியுடன் ஒரு மலை தெரியும். அது கானர் மலை. நாங்கள் எல்லோரும் அதைப் பார்த்துத்தான் முதலில் உலுரு என்று கூவினோம்.

கேள்வி: நான்கு நாள்கள் முடியாது, ஒரே ஒரு கட்டம்தான் முடியும் என்றால் எதைத் தேர்ந்தெடுப்பீர்கள்?

பதில்: வில்லியம் கிரீக்குக்குச் சாலை வழியாகச் சென்று, இரவு தங்கி, விடியற்காலையில் ஏரிக்கு மேலே பறந்துவிட்டு வாருங்கள். அங்கே செல்வது மண்சாலைதான், மழை பெய்தால் அதை மூடிவிடுவார்கள் என்பதால், புறப்படும் அன்று காலையில் சாலை நிலையைக் கேட்டுக்கொண்டு செல்லுங்கள்.